குழி தோண்டும் முன் சாணத்தை நிறுத்துப் பார்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு மாடுகள் இருப்பதால் நாளொன்றுக்கு 2 கனமீட்டர், அதாவது 2000 லிட்டர், வாயு தரும் சாண எரிவாயுக் கலன் கட்டலாம் என்று எழுதியிருக்கிறாய். இந்த எண்ணம் உனக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் மாடுகளை எண்ணிக் கணக்குப் போடாமல், தொழுவத்தில் கிடக்கும் சாணத்தை நிறுத்துக் கணக்குப் போடு.

ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். எனவே நீ நினைக்கும் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும். வளர்ந்த மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் போடும் என்றாலும், பகலெல்லாம் மேய்ச்சலில் இருக்கும் மாட்டின் சாணத்தில் பெரும்பங்கு காட்டோடு போய்விடுகிறது. கையில் 25 கிலோதான் சேருமென்றால் 1 கனமீட்டர் கலனே போதும். அதில் ஓர் அடுப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். பெரிதாகக் கட்டி அரைவயிற்றுக்குத் தீனி போட்டால் போட்ட பணத்துக்கு வாயு வராது.

சாணத்துக்குச் சம அளவு தண்ணீரும் நாள்தோறும் வேண்டும். அதைச் சுமந்து வந்து, வைக்கோலையும் கல்லையும் பொறுக்கி எறிந்து, கட்டியில்லாமல் கரைத்து ஊற்றப் போவது யார் என்பதை மருமகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். வைக்கோல் உள்ளே போனால் கரைசலின்மேல் ஏடாகப் படர்ந்து வாயுவைத் தடுக்கும். குளிர்காலத்தில், சாணத்தை வாயுவாக்கும் நுண்ணுயிர்கள் மந்தமாகி வாயு குறையும் என்பதால் கொஞ்சம் விறகும் கைவசம் இருக்கட்டும். முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும், இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது.

இத்தனையும் சொல்வது உன்னைத் தடுப்பதற்காக அல்ல. வறட்டி தட்டி எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனிலோ அடுப்புக்கு வாயு போக, வெளியே வரும் கரைசலில் அந்தச் சத்து பெரும்பாலும் அப்படியே இருப்பதால் வயலுக்கு எருவும் கிடைத்துவிடுகிறது. அடுப்படியில் புகை இல்லாமல் மருமகளும் குழந்தைகளும் மூச்சுவிடுவார்களே, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஒரு வாரம் காலைதோறும் சாணத்தை நிறுத்துக் குறித்து வை. மேய்ச்சலைக் குறைத்துத் தொழுவத்திலேயே தீவனம் போட வழியுண்டா என்பதையும், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா