லேப் நோட்டுல திருத்தி வச்சா யாருக்கு லாபம்? பினாங்கு சூப்பர்வைசர்களுக்கு ஒரு திறந்த மடல்

ப்ரொஃப்களே, டாக்டர்களே, வணக்கம். எல்லாரும் பசியாறிட்டீங்களா?

நான் யாருன்னு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பினாங்குல ஒரு லேப்ல (பேரு வேணாம், உள்ள இருந்தவங்களுக்குத் தெரியும்) மூணு வருஷம் ரிசர்ச் அசிஸ்டன்டா குப்பை கொட்டினேன். கடல் மட்டம், மழை, காத்து, இந்த டேட்டாவெல்லாம் பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழியில போட்டு அரைக்கிற வேலை. இப்போ பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரில இருக்கேன், டேட்டா வேற, அரைக்கிறது அதேதான். லேப்பை விட்டு வந்துட்டதால கொஞ்சம் தைரியமா எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் பரவால்ல. சொல்ல வந்தது ஒண்ணுதான்: சாஃப்ட்வேர் விளக்கத்துல மாணவர்கள் கண்டுபிடிக்கிற தப்பை நம்ம நோட்டுல பூட்டி வைக்காம, எழுதினவங்களுக்கே அனுப்ப விடுங்க.

முதல் நாள் சீனியர் அக்கா ஒரு கூகல் டாக்ஸ் லிங்க் அனுப்பினாங்க. தலைப்பே "டாக்குமென்டேஷனை நம்பாதே", அதாவது சாஃப்ட்வேரை எப்படி யூஸ் பண்றதுன்னு எழுதி வச்சிருக்கிற விளக்கத்தை நம்பாதேன்னு. 38 பக்கம். நாங்க யூஸ் பண்ற ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் (யாரு வேணும்னாலும் எடுத்து யூஸ் பண்ணலாம், திருத்தமும் அனுப்பலாம்னு திறந்து வச்ச ரெடிமேட் கோட்) ஒவ்வொண்ணுலயும் எங்க தப்பா எழுதியிருக்கு, எந்த எக்ஸாம்பிள் ஓடாது, எங்க கோணத்தை டிகிரின்னு போட்டுட்டு உள்ள ரேடியன்ங்கிற வேற யூனிட்டை எதிர்பார்க்குது, எந்த ஃபங்ஷனோட பேரே மாறிப் போச்சு, எல்லாம் அதுல இருந்துச்சு, அஞ்சாறு பேட்ச் மாணவர்கள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா எழுதி வச்சது. அப்போ எனக்கு அது புதையல் மாதிரி தெரிஞ்சுச்சு. இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு. அதுல பாதியாவது யாரோ ஒருத்தன் ராத்திரி முழிச்சு கண்டுபிடிச்சு, சரிதான்னு நிரூபிச்சு, அப்புறம் நம்ம வீட்டு அலமாரியில பூட்டி வச்ச தப்புங்க.

17ஆம் பக்கம் கதையைச் சொல்றேன், ஏன்னா நான் அந்தப் பக்கத்தைப் படிக்காம விட்டவன்.

கடல் மட்ட ஃபைலைப் படிக்கிற ஒரு சின்ன பேக்கேஜ். அதோட டாக்ஸ்ல, அதாவது டாக்குமென்டேஷன்ல, டைம் ஜோனுக்கு ஒரு எக்ஸாம்பிள்: உங்க ஊரு யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட 8 மணி நேரம் முன்னாடி இருந்தா 'ஈடிசி/ஜிஎம்டி+8'னு குடுங்கன்னு போட்டிருந்தாங்க. பார்க்க நியாயமாத்தானே இருக்கு? நம்ம ஊரு ப்ளஸ் 8, அதுவும் ப்ளஸ் 8. நானும் அப்படியே காப்பி பண்ணிட்டேன். ஆனா அந்த 'ஈடிசி' குடும்பத்துல குறி தலைகீழ். போசிக்ஸ்னு ஒரு பழைய ஸ்டாண்டர்ட், அதுல உள்ளூர் நேரத்தோட எத்தனை மணியைக் கூட்டினா யூடிசி வரும்ங்கிறதுதான் கணக்கு, அதனால மேற்குப் பக்கம் ப்ளஸ், கிழக்குப் பக்கம் மைனஸ். நமக்கு வேண்டியது 'ஜிஎம்டி-8'. நான் போட்டது பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ.

16 மணி நேரம் தப்பு. இவ்வளவு பெரிய தப்பு கண்ணுல படாமலா போகும்னு கேப்பீங்க. படல. அங்கதான் விஷயமே இருக்கு. மலாக்கா நீரிணையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி ஏறும், ரெண்டு தடவை இறங்கும், ஒரு சுத்துக்கு சுமார் 12 மணி 25 நிமிஷம். 16ல இருந்து அதைக் கழிச்சா மிச்சம் மூணரை மணி நேரம் சொச்சம். யூடிசிக்கு மாத்தி, சாட்டிலைட் டேட்டாவோட சேர்த்து, திரும்ப நம்ம நேரத்துக்குக் கொண்டு வந்து (இந்தத் தடவை சரியான பேரு குடுத்து) வரைஞ்சப்போ வளைவு வழவழன்னு அழகா வந்துச்சு, உச்சமும் பள்ளமும் இருக்க வேண்டிய மாதிரியே இருந்துச்சு, மூணரை மணி நேரம் நகர்ந்து மட்டும் இருந்துச்சு. பெரிய தப்பு சின்ன தப்பு வேஷம் போட்டுக்கிட்டு நின்னா யாரு கண்டுபிடிப்பா?

கண்டுபிடிச்சது தெலுக் பஹாங்ல மீன் பிடிக்கிற ஒரு அங்கிள். ஃபீல்டுக்குப் போனப்போ சும்மா காட்டினேன், பெருமைக்கு. போனை வாங்கிப் பார்த்துட்டு, "தம்பி, நீ சொல்ற நேரத்துக்கு போட்டை எடுத்தா நாங்க சேத்துலதான் தள்ளணும்"னார். நான் சிரிச்சு சமாளிச்சேன். ராத்திரி வந்து மழை டேட்டாவையும் அதே வழியில போட்டுப் பார்த்தா, சாயந்தரம் 4 மணிக்குக் கொட்டின மழை மறுநாள் காலைல 8 மணிக்குக் கொட்டுது. அலைக்கு ரெண்டு வேளை, மழைக்கு அப்படி இல்லையே, அதுதான் காட்டிக் குடுத்துச்சு.

மறுநாள் அக்காகிட்ட சொன்னா, "17ஆம் பக்கம் படிக்கலையா நீ?" அவ்வளவுதான் பதில். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அவங்க கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. பேக்கேஜ் எழுதினவங்களுக்கு ஏன் சொல்லலன்னு கேட்டேன். எங்க சூப்பர்வைசர் டாக்டர்கிட்ட கேட்டாங்களாம், பேப்பர் டெட்லைன் இருக்கு, இதுக்கெல்லாம் எங்க நேரம்னு சொல்லிட்டாராம். அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த ரெண்டு வருஷத்துல நம்ம நேரத்துல இருக்கிற வேற எத்தனை பேரு அந்த வரியை காப்பி பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது. சிங்கப்பூர், மணிலா, பெர்த், எல்லாம் அதே ப்ளஸ் 8 தானே.

திருத்தத்தை நானே அனுப்பினேன். உண்மையைச் சொல்லணும்னா வரியை மாத்துறதுக்கு அஞ்சு நிமிஷம், கோடை எல்லாரும் பகிர்ந்துக்கிற கிட்ஹப் தளத்துல ஃபோர்க், ப்ராஞ்ச், புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கோங்கன்னு அனுப்புற கோரிக்கை) எல்லாம் என்னன்னு புரிஞ்சுக்க ரெண்டு சாயந்தரம். நான் தேடினது டாக்ஸ் பக்கத்தை, ஆனா எழுத்து இருந்தது கோட் ஃபைலுக்குள்ள, ஃபங்ஷன் தலைக்குக் கீழ டாக்ஸ்ட்ரிங்னு. ஸ்பிங்ஸ்னு ஒரு டூல் அதை எடுத்துத்தான் பக்கமா மாத்துது. இதை யாராச்சும் அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து காட்டியிருந்தா ரெண்டு சாயந்தரம் மிச்சம்.

பேக்கேஜ் பக்கம் அதை ரிவ்யூ பண்ணவர் ஒரு கேள்வி கேட்டார்: குறியை மட்டும் திருப்பினா போதாதா, ஏன் 'ஏஷியா/கோலாலம்பூர்'னு ஊர்ப் பேரு போடுறீங்க? நல்ல கேள்வி. அதுக்குப் பதில் அவருக்குத் தெரிய வழியே இல்ல, என் அப்பாவுக்குத் தெரியும். 1981 டிசம்பர் 31 ராத்திரி 11:30 ஆனதும் மலேசிய தீபகற்பத்துல கடிகாரத்தை நேரா 12க்குத் தள்ளி வச்சாங்க, அது வரைக்கும் நாம யூடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னாடி, 1982ல இருந்துதான் 8. அந்த வருஷம் புத்தாண்டு அரை மணி நேரம் சீக்கிரம் பொறந்துச்சுன்னு அப்பா இன்னும் சொல்லிக்கிட்டு இருப்பார். 1970கள்ல எடுத்த பழைய அளவு இருந்தா வெறும் 'மைனஸ் 8' போட்டா அரை மணி நேரம் தப்பும், ஊர்ப் பேரு போட்டா டைம் ஜோன் டேட்டாபேஸ் அந்த வரலாறையும் சேர்த்து கணக்குல எடுத்துக்கும். இதை எழுதினேன், என் ஓட்டை இங்கிலீஷ்லதான். அவர் சந்தோஷமா ஏத்துக்கிட்டு, கூட ஒரு எச்சரிக்கை வரியும் போடச் சொன்னார். பத்து நாள்ல மெர்ஜ் ஆச்சு, அதாவது பேக்கேஜோட சேர்ந்துடுச்சு.

(உடனே ஸ்டேபிள் பக்கத்தை, அதாவது வெளியான வெர்ஷனோட டாக்ஸை, போய்ப் பார்த்துட்டு "மாறவே இல்ல"ன்னு நான் அலறினது தனிக் கதை. நிறைய ப்ராஜெக்ட்ல திருத்தம் முதல்ல டெவலப்மென்ட் பக்கத்துலதான் தெரியும், அடுத்த ரிலீஸ்லதான் ஸ்டேபிளுக்கு வரும். பொறுமை.)

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, அந்தத் தப்பை அவங்க பக்கம் இருந்து பார்க்கவே முடியாது. யூரோப்ல உக்காந்து எழுதுறவர் தன் ஊரு டேட்டாவைத்தான் ஓட்டிப் பார்த்திருப்பார், அது ஓடியிருக்கும். ப்ளஸ் 8ல உக்காந்து சேத்துல மாட்டினவன்தான் சொல்ல முடியும், அவன் போய் 17ஆம் பக்கத்துல எழுதிட்டு படுத்துட்டா கதை முடிஞ்சுச்சு.

டாக்குமென்டேஷன் ஒரு வரி என்ன பெருசா பண்ணிடும்னு நினைக்கிற ப்ரொஃப்களுக்கு 2019ல நடந்ததை ஞாபகப்படுத்துறேன். வேதியியல்காரங்க என்எம்ஆர் (மூலக்கூறோட அமைப்பைக் கண்டுபிடிக்கிற முறை) கணக்குக்கு ஒரு பைத்தான் ஸ்க்ரிப்டை யூஸ் பண்ணாங்க, 2014ல நேச்சர் ப்ரோட்டோகால்ஸ்ங்கிற ஜர்னல்ல வந்தது. ஃபைல் பேருங்களை எடுக்க அது குளோப்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், ஃபைலுங்க வரிசையாத்தான் வரும்னு நம்பி மேல கணக்கு போடும். அந்த வரிசைக்கு பைத்தான் எந்த உத்தரவாதமும் குடுக்கறது இல்ல. ஹவாய் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவர் அதே டேட்டாவை வேற வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓட்டினா வேற வேற நம்பர் வருது. நூத்துக்கும் மேல பேப்பர் பாதிச்சிருக்கலாம்னு செய்தி வந்துச்சு. இன்னைக்கு பைத்தான் டாக்ஸ்ல அந்த ஃபங்ஷன் பக்கத்துல போய்ப் பாருங்க, வரிசையா வருமா வராதாங்கிறது ஃபைல் சிஸ்டத்தைப் பொறுத்ததுன்னு தெளிவா ஒரு வாக்கியம் இருக்கு. ஒரே வாக்கியம்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நான் நேர்மையா இருக்க மாட்டேன். நம்ம நோட்டுல இருந்த 38 பக்கத்துல பாதிக்குப் பாதி டாக்ஸோட தப்பே இல்ல, நம்ம சோம்பேறித்தனம். நம்பை (NumPy), பாண்டாஸ்னு (pandas) ரெண்டு பைத்தான் பேக்கேஜ், முதல்ல சொன்னதுல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (நம்பருங்க எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு) ஒண்ணு வருது, ரெண்டாவதுல வேற வருதுன்னு மூணு பக்கத்துக்குப் புலம்பியிருந்தாங்க. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 போட்டா நம்பை 2 காட்டும், பாண்டாஸ் 2.138 காட்டும். நம்பை மொத்தம் எத்தனை நம்பரோ அதால வகுக்குது, பாண்டாஸ் அதுல ஒண்ணு குறைச்சு வகுக்குது. ரெண்டு டாக்ஸ்லயும் எழுதியிருக்கு லா, படிச்சாத்தானே. அதே மாதிரி நம்பை 2.0 வந்த 2024ல இருந்து 3.0ன்னு வர வேண்டிய இடத்துல 'என்பி.ஃப்ளோட்64(3.0)'னு வரும், கணக்கு தப்பு இல்ல, காட்டுற விதம் மாறிப் போச்சு, பழைய எக்ஸாம்பிளைப் பார்த்துட்டு பயப்படக்கூடாது, முடிஞ்சா அந்த பழைய எக்ஸாம்பிளைப் புதுசாக்கி அனுப்பலாம்.

அதுக்காக புள்ளைங்களை "ஆளுக்கு அஞ்சு புல் ரிக்வெஸ்ட் போடு, மார்க் தர்றேன்"னு தயவு செஞ்சு சொல்லிடாதீங்க. 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல (ஓப்பன் சோர்ஸுக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புறவங்களுக்கு டீசட்டை குடுத்த நிகழ்ச்சி) அந்தச் சட்டைக்காக ரீட்மீ ஃபைல்ல "அற்புதமான ப்ராஜெக்ட்"னு ஒரு வார்த்தையைச் சேர்த்து சேர்த்து ஆயிரக்கணக்குல அனுப்பி ப்ராஜெக்டைப் பாத்துக்கிற மெயின்டெய்னருங்க உயிரை எடுத்தாங்க, நடத்தினவங்களே விதியை மாத்த வேண்டியதாப் போச்சு. இப்போ சாட்ஜிபிடியை விட்டு எழுதி அனுப்புறவங்க வேற. அதுகிட்ட கேட்டா சரியாச் சொல்லிடும், டாக்ஸ் எதுக்குன்னு ஒரு டாக்டர் என்கிட்டயே கேட்டார். அது எதைப் படிச்சு வளர்ந்துச்சு டாக்டர்? அதே டாக்ஸைத்தானே.

அப்போ உங்ககிட்ட நான் கேக்குறது என்னன்னா, உங்க லேப்லயும் இந்த மாதிரி ஒரு நோட்டு இருக்கும், இல்லன்னு சொல்லாதீங்க. மாசத்துல ஒரு மத்தியானம் குரூப் மீட்டிங்குக்குப் பதிலா அந்த நோட்டை எடுத்து வச்சு, இது உண்மையிலயே டாக்ஸ் தப்பா இல்ல நாம படிக்காததான்னு பிரிச்சு, தப்பா இருக்கிறதை அனுப்ப விடுங்க. புது மாணவர் வந்தா முதல் வாரத்துல ஒண்ணு அனுப்பட்டும், ஏன்னா புதுசா படிக்கிறவன் கண்ணுக்குத் தெரியற ஓட்டை ஆறு மாசம் கழிச்சு அவனுக்கே தெரியாது. வருஷக் கடைசியில ரிப்போர்ட்ல அதை எழுதினா "இது ரிசர்ச்சா"ன்னு கேக்காதீங்க. அதுலதான் மனசு உடையுது. நம்பை ஒவ்வொரு ரிலீஸ்லயும் பங்களிச்ச எல்லார் பேரையும் போடுறாங்க, முதல் தடவை பண்ணவங்க பேரு பக்கத்துல ஒரு ப்ளஸ் குறி இருக்கும், ஒரு வரி டாக்ஸ் திருத்தினவங்களுக்கும்தான். அந்த ப்ளஸ் குறியைத் தமிழ்ப்பள்ளியில படிச்சு வந்த ஒரு புள்ள தன் அம்மாகிட்ட காட்டினதை நான் பார்த்தேன்.

அந்தப் புள்ள ஆறு மாசம் தயங்குச்சு, "என் இங்கிலீஷ் சரியில்ல அண்ணே"ன்னு. திருத்துறது ஒரு குறி, ஒரு நம்பர், ஒரு யூனிட். அதுக்கு எதுக்குப் பெரிய இங்கிலீஷ்? வாக்கியம் கோணலா இருந்தா ரிவ்யூ பண்றவர் நேராக்கிக் குடுப்பார், என்னோடதை நேராக்கினாரே.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுறோம். விடிய விடிய நின்னு, முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு மோர் ஊத்துறோம், யாரும் சர்டிஃபிகேட் கேக்கல, யாரும் "இது உன் வேலையா"ன்னும் கேக்கல. அதே ஆளுங்கதான் லேப்ல உக்காந்து 38 பக்கத்தைப் பூட்டி வச்சிருக்கோம்.

வர்ற சனிக்கிழமை சாயந்தரம் 5 மணிக்கு சுங்கை டுவா பக்கம் நான் எப்பவும் உக்கார்ற மாமாக் சாப்பாட்டுக் கடையில இருப்பேன், பழைய லேப் ஆளுங்களுக்கு எந்தக் கடைன்னு தெரியும். மாணவர்களை அனுப்பி விடுங்க, நீங்களும் வாங்க டாக்டர், தே தாரிக் (ஆத்தின டீ) என் செலவு. லேப்டாப்பும் உங்க லேப் நோட்டும் கொண்டு வந்தா போதும். எங்க நோட்டுல 23ஆம் பக்கத்துல இருக்கிற அந்த ரேடியன் விஷயம் இன்னும் அனுப்பல, அதுல இருந்து ஆரம்பிப்போம்.