கோவிவன் காட்டிய வழி

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே வழக்கம்போல வெயில்தான். அம்மா சௌக்கியம், 'மூர்த்தி எப்போ வர்றான்' என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டுவிடுகிறாள்.

சுற்றிய ஊர்களில் எடுத்த படங்களில் சொந்தமாக ஏதாவது எழுதி, கம்ப்யூட்டரில் ஒரு தொகுப்பு செய்கிறேன் என்று சொன்னேனே, அது பாதியில் நின்றுபோயிருந்தது. முதலில் எழுத்துத் தொல்லை. 'கோட்டை' என்று அடித்தால் கொம்பு, ககரம், கால் எல்லாம் தனித்தனியாகப் பிய்ந்து விழுந்தன. தெற்காசிய எழுத்துகளுக்கென்று செட்டிங்கில் ஒரு மூலையில் ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தட்டியதும் சரியாகிவிட்டது. கண்டுபிடிக்கத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அதைவிடப் பெரிய தொல்லை என் எழுத்து. அகழிப் படத்தின்மேல் 'அந்தியில் அசையும் அகழி' என்று போட்டிருந்தேன். அதுதான் படத்திலேயே தெரிகிறதே!

அப்புறம்தான் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்தேன். நம் பழைய வட ஆற்காடுதான், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். கூடவே ஒரு நாய். அந்த நாய்க்கும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் தனியாக ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்ததாம். சிற்பத்தில் நாய் சும்மாதான் நிற்கிறது. அதன் பெயரும், கடித்ததும், காத்திருந்ததும் எழுத்தில்தான் இருக்கின்றன. படித்துவிட்டு மறுபடி பார்த்தால், பார்த்த நாய் இல்லை அது.

வீட்டுக்கு வந்து என் வரிகளை எல்லாம் அழித்தேன். பாலாற்றுப் படம் நினைவிருக்கிறதா? மணல், சீமைக்கருவேலம், தூரத்தில் பாலம். அதில் வறண்ட நதி பற்றி எட்டு வரிக் கவிதை எழுதி வைத்திருந்தேன் (சிரிக்காதே). இப்போது ஒரே வரி: 'அம்மா இங்கே ஊற்று தோண்டிக் குடம் நிரப்பினாள்.' இடது ஓரத்தில், மணல் நிறத்திலேயே, சின்னதாக. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, 'குடம் இல்லடா, தவலை' என்றாள். திருத்திவிட்டேன்.

விரிஞ்சிபுரம் கோயிலில் நிழலை வைத்து மணி பார்க்கும் கல்லையும் எடுத்தேன். கல்லிலேயே எண்கள் இருக்கின்றன. நான் ஒன்றும் எழுதவில்லை.

பதினோரு படம் முடிந்தது. காட்பாடி பிளாட்பாரப் படம்தான் பாக்கி. 1994இல் நீ பெங்களூர் வண்டி ஏறிய இடத்திலிருந்து எடுத்தது. வண்டி நகரும்போது ஜன்னலிலிருந்து என்னவோ கத்தினாய். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். என்ன சொன்னாய் என்று நினைவிருந்தால், உன் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி அனுப்பு. அப்படியே ஸ்கேன் செய்து போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்