புள்ளி வைத்த படிவங்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறுவை சிகிச்சைத் துறையினருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

சோதிக்க அனுப்பும் திசுவோடு வர வேண்டிய பயாப்சிப் படிவம் நோய் விவரம் இல்லாமலே வருவதைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. சுற்றறிக்கை அனுப்பியாயிற்று, கூட்டத்தில் பேசியாயிற்று, தொலைபேசியில் கெஞ்சியும் பார்த்தாயிற்று. ஆகவே பழைய கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சென்ற வாரம் எங்கள் மேசைக்கு வந்த ஒரு பாட்டிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேல்கையில், தோலுக்கடியிலிருந்து எடுத்த கட்டி. படிவத்தில் நோயாளியின் பெயர் இருந்தது, வயது இருந்தது, பில் எண் பிழையின்றி இருந்தது. நோய் விவரம் கேட்ட இடத்தில் ‘கட்டி’ என்று ஒரே சொல். பக்கத்தில் கேள்விக்குறியோடு ‘புற்றுநோய்’. வாய் குறுகிய பாட்டிலுக்குள் அதைத் திணித்திருந்தார்கள். திசுவின் அளவைப் போலப் பத்து மடங்காவது, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தை ஊற்ற வேண்டும் என்பது பயிற்சி மருத்துவருக்கும் தெரியும். இதில் அடிப்பக்கம் நனையும் அளவுக்குத்தான் இருந்தது. வெட்டியபோது ஓரம் மட்டும் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தது. நடுப்பகுதி கொழகொழவென்று கையோடு வந்தது. போதாக்குறைக்கு, யாரோ முன்கூட்டியே அதைக் கீறித் திறந்தும் பார்த்திருக்கிறார்கள். உள்ளே வெறும் பை.

ஸ்லைடில் நார்த்திசுச் சுவரும் அதைச் சுற்றி, ஒட்டுண்ணி நுழைந்தால் திரளும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் கூட்டமும் தெரிந்தன. புற்றுநோய் அணுக்கள் இல்லை. ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று ஈசினோஃபில்கள் சொல்லின, ஒட்டுண்ணியைத்தான் காணோம். மெழுகில் பதித்த திசுவை மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே போனோம். ஏறக்குறைய திசு தீரும் தறுவாயில், மடிப்பு மடிப்பான சவ்வின் துணுக்கு ஒன்றும் இரண்டு கொக்கிகளும் அகப்பட்டன. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு! அதன் தலையில் நான்கு உறிஞ்சிகளும் இரண்டு வரிசைக் கொக்கிகளும் இருக்கும். பையைத் திறக்காமல் அனுப்பியிருந்தால் முதல் ஸ்லைடிலேயே பெயர் சொல்லியிருப்போம். இங்கோ, கீறிய கணத்தில் புழு நீரோடு நழுவி, துடைத்த பஞ்சோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு கேட்டு வாங்கிய ஸ்கேன் அறிக்கையில், ‘நீர்ப்பை, உள்ளே ஒரு சிறு புள்ளி’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படிவத்தில் எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது இல்லாததால் ஒரு குடும்பம் ‘புற்றுநோயா, இல்லையா’ என்ற கேள்வியோடு உங்கள் அறை வாசலிலேயே காத்துக் கிடந்தது. நோயாளி வேறொன்றுக்கும் காத்திருந்தார், அது அவருக்கே தெரியாது. தோலுக்கடியில் இந்த இளம்புழு இருந்தால் மூளையிலும் கண்ணிலும் இருக்கிறதா என்று தேட வேண்டும். கண்ணைச் சோதிக்காமல் புழு மருந்தைக் கொடுத்தால் பார்வைக்கே ஆபத்தாக முடியலாம். நாங்கள் பெயர் சொல்லும்வரை இந்தத் தேடல் தொடங்கவே இல்லை.

அரிய கட்டிகளின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற கட்டி தீங்கற்றது, பல நேரம் தானாகவே வடிந்துவிடும். ஆனால் மைக்ராஸ்கோப்பில் அணுக்கள் பிரிந்து பெருகும் வேகத்தைப் பார்த்தால் சார்கோமா என்ற புற்றுநோய் என்றே தோன்றும். ‘இரண்டு மூன்று வாரங்களில் திடீரென வளர்ந்தது’ என்ற குறிப்புதான் எங்களை நிதானிக்க வைக்கும். எலும்பில் ராட்சத அணுக்கள் நிறைந்த கட்டி வந்தால், அது கட்டியா, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறா என்று ஸ்லைடை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். முறிந்த எலும்பு கூடும்போது உருவாகும் திசு ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயின் வேடம் போடும். எக்ஸ்ரே பார்க்காமல் கையெழுத்திட எனக்குத் துணிச்சல் இல்லை. யூயிங் சார்கோமா என்ற புற்றுநோயை உறுதி செய்ய மரபணுச் சோதனை வேண்டும். ஃபார்மலினைக் காணாமல் அழுகிய திசுவில் அந்தச் சோதனையும் கைவிரித்துவிடும். ஆகவே கேட்கிறேன்: படிவத்தை நிரப்புங்கள்.

சோதிடரிடம் போனால்கூடப் பிறந்த நேரம் கேட்பார். எங்களிடம் மட்டும் ‘கட்டி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையிலேயே “இன்னுமா ரிப்போர்ட் வரவில்லை?” என்று தொலைபேசி வருகிறது. நிர்வாகத்தினர் வாங்கித் தந்த மென்பொருளையும் சொல்ல வேண்டும். பில் எண் இல்லாவிட்டால் அது ஓர் அடி நகராது. நோய் விவரத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் மறுபேச்சின்றி நகர்ந்துவிடும். புள்ளியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்கும் வித்தையை எந்த மருத்துவக் கல்லூரியிலும் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை. அகன்ற வாய் பாட்டில்கள் கேட்டால் அடுத்த நிதியாண்டு என்கிறீர்கள். வரவேற்பறையின் சுவர்களுக்கு மட்டும் இந்த நிதியாண்டே போதுமானதாக இருந்தது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து, படிவத்தை நிரப்புங்கள். கட்டி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது. ஸ்கேனோ எக்ஸ்ரேயோ என்ன சொல்கிறது. முன்பு அறுவையோ கதிர்வீச்சோ நடந்ததா. இவ்வளவுதான். நீர்ப்பை என்று சந்தேகம் வந்தால் திறக்காமல் முழுதாக அனுப்புங்கள். ஊசியால் அணு எடுத்துத் தடவும் ஸ்லைடுகளில் எவற்றை உலரவிட்டீர்கள், எவற்றை ஆல்கஹாலில் இட்டீர்கள் என்று குறித்து அனுப்புங்கள். இரண்டுக்கும் சாயம் வேறு.

நிர்வாகத்தினர், நோய் விவரம் எழுதாத படிவத்தை மென்பொருள் ஏற்காதபடி மாற்றித் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாட்டில்களை இந்த மாதமே வாங்க வழியிருந்தால் மிக்க நன்றி. எழுத நேரமில்லாத அன்று ஆய்வகத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு வாயால் சொல்லுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திசு ஆய்வகத்தில் பணிபுரியும் மருத்துவர்