நடைக்கு ஒரு கணக்கு, நன்கொடைக்கு ஒரு கணக்கு: மலையேற்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வரும் அக்டோபரில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு நிதி திரட்டும் நடை கிளம்புகிற நம் திருப்பூர்க் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கமுங்க. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீசையும் பயணத் திட்டத்தையும் பொறுமையாகப் படித்தேன். எனக்கும் பெயர் கொடுக்க ஆசைதான். கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. குரூப்பில் போட்டால் நாலு குட்மார்னிங் படத்துக்கு நடுவே காணாமல் போய்விடும், தவிர கோவையிலும் ஈரோட்டிலும் இதே யோசனையில் இருக்கிற வேறு குழுக்களும் படித்தால் நல்லது என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டிப் பக்கம் உடம்புக்கு முடியாதவர்களையும் பிள்ளைத்தாச்சிப் பெண்களையும் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிற படம் அவ்வப்போது பேப்பரில் வருகிறது, நாமும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். அந்த மலைக்குடியிருப்பு ஜனங்களின் வண்டிச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஒரு நிதி வேண்டும் என்று நீங்கள் கிளம்பியது நல்ல காரியம், அதில் பேச்சே இல்லை.

என் சங்கடமெல்லாம் நோட்டீசில் இருக்கும் இரண்டு வரிகளில்தான். ‘ஒவ்வொருவரும் 2 லட்சம் திரட்ட வேண்டும், பயணச் செலவு போக மீதி நிதிக்குச் சேரும்’ என்பது ஒன்று. ‘பேஸ் கேம்ப்பைத் தொடும் ஒவ்வொருவர் பெயரிலும் புரவலர்கள் கூடுதலாக 25,000 தருவார்கள்’ என்பது இன்னொன்று. இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். காசையும் மலையையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்கள், அந்த முடிச்சு இருக்கிற வரைக்கும் இரண்டும் ஒழுங்காக நடக்காது.

முதல் வரியைப் பார்ப்போம். 2 லட்சத்துக்கு நான் யாரிடம் போய் நிற்பேன்? காங்கேயத்தில் பெரியம்மா வீட்டில், பங்காளி வீடுகளில், கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம். நம்ம பக்கம் நல்ல காரியம் என்று வாசலில் வந்து நின்றால் கணக்குக் கேட்காமல் கொடுத்துவிடுவார்கள், கேட்டால் வந்தவர் மனசு நோகும் என்று நினைப்பவர்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிற காசில் பெரியம்மா 500 ரூபாய் எடுத்துக் கொடுப்பார். அதில் எவ்வளவு குழிப்பட்டிக்குப் போகிறது, எவ்வளவு நடை தொடங்குகிற லுக்லாவுக்கு நான் எடுக்கிற விமான டிக்கெட்டுக்குப் போகிறது என்று அவர் கேட்க மாட்டார். கேட்கவில்லை என்பதற்காக நான் சொல்லாமல் இருந்துவிட முடியுமா?

பனிமலை பார்க்க ஆசைப்படுவது நான், அதற்குச் செலவு என் காசு. விமானம், கைடு, விடுதி, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு என்ன ஆகிறதோ அதை வருகிறவர் கையிலிருந்து கட்டட்டும், அது ஒரு கணக்கு. நன்கொடையாக வருகிற பணம் வேறொரு வங்கிக் கணக்கில் விழட்டும், அதிலிருந்து ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது. வசதியில்லாத பையன் யாராவது வர ஆசைப்பட்டால் அவனுக்கு டிக்கெட் எடுத்துத் தர நம்ம ஊரில் ஆளா இல்லை, அதை ‘இன்னாருடைய பயணச் செலவுக்கு’ என்று எழுதியே வாங்கிக்கொள்ளலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ரசீது விஷயம் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தருவதாகப் போட்டிருக்கிறீர்கள், சரி. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தப் பிரிவில் வரிச்சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், ஆடிட்டர் சொல்லித் தெரியவந்தால் வருத்தம் நம் மேல்தான் வரும். அப்புறம், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான்மார்களிடம் கேட்பதற்கு முன்னால் யோசியுங்கள். அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் தருவதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது வரிதான் எனக்குப் பயம்.

முன்பு இதே பாதையில் வேறொரு குழுவோடு போயிருக்கிறேன். கூட வந்தவர்களில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர், என்னைவிட இளையவர், வெள்ளியங்கிரியில் ராத்திரி ஏறி மறுநாள் மத்தியானத்துக்குள் அடிவாரப் பூண்டிக்கு வந்து சேர்ந்துவிடுகிற ஆள். அவர் பேஸ் கேம்ப்பைத் தொட்டால் இவ்வளவு தருகிறோம் என்று அவருடைய சங்கத்துக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அத்தனை பேர் படமும் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்றும் சுருட்டி அவர் பையில் இருந்தது. லொபுசே என்கிற இடம், 4,940 மீட்டர். சாப்பாட்டு அறையில் பருப்பும் சோறும் எதிரே ஆறிக்கொண்டிருக்கிறது, இவர் ஸ்பூனால் ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறார். “தலை வலிக்குதுங்களா?” என்றால் “ஒண்ணுமில்லீங்க்கா, தூக்கம் பத்தலை” என்கிறார். எழுந்து வெளியே போகலாம் என்று ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர், இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கள் கைடு அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய், முன்னால் வைக்கிற காலின் குதிகால் பின்னங்கால் விரலைத் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அந்த உயரத்தில் நேராக நடக்க முடியவில்லை என்றால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், விடியட்டும் பார்க்கலாம் என்கிற பேச்சுக்கு இடமில்லை. ராத்திரியோடு ராத்திரியாக டார்ச் அடித்துக்கொண்டு உதவிக் கைடும் சுமை தூக்குகிற போர்ட்டர் ஒருவரும் கைத்தாங்கலாக அவரைக் கீழே பெரிச்சே என்கிற ஊருக்கு இறக்கினார்கள். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துகிற மருத்துவமனை சீசனில் திறந்திருக்கும். பிழைத்துக்கொண்டார்.

காட்மாண்டுவில் மறுபடி பார்த்தபோது எப்போதிருந்து தலைவலி என்று கேட்டேன். வழியில் வெகு கீழேயே வருகிற நாம்சேயிலிருந்தே இருந்ததாம். “அத்தனை பேருகிட்ட சொல்லிட்டு வந்துட்டு எப்படிங்க்கா பாதியில திரும்பறது” என்றார்.

யோசித்துப் பாருங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் என்று ஆரம்பிக்கிற இந்த உயர மலை நோயை ஆரம்பத்தில் வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவரவர் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்கிறவருக்கு நீங்கள் 25,000 ரூபாய் அபராதம் போட்டு வைத்திருக்கிறீர்கள், அதுவும் மலைக்குடியிருப்பு நோயாளிகளின் பணத்திலிருந்து. எந்த மானஸ்தன் வாயைத் திறப்பான்? புரவலர்கள் தருவதைக் கோவையில் நாம் விமானம் ஏறுவதற்கு முன்பே தந்துவிடட்டும். நாம்சேயில் திரும்பினாலும் அதே தொகை, பேஸ் கேம்ப்பில் நின்று போட்டோ எடுத்தாலும் அதே தொகை என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போடுங்கள். தர மறுக்கிற புரவலர் யாராவது இருந்தால் அவர் காசு நமக்கு வேண்டாமுங்க.

இதோடு ஒட்டியதுதான் பயணத் திட்டமும். நாம்சேயிலும் அதற்கு மேலே வருகிற டிங்போச்சேயிலும் எல்லோரும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள், உங்கள் திட்டத்தில் இரண்டு நாளையும் காணோம். தீபாவளி ஆர்டர் நேரத்தில் கம்பெனியை விட்டுவிட்டு எத்தனை நாள் போவது என்பது காரணமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அவை படுத்துத் தூங்குவதற்கான நாள்கள் அல்ல. நாம்சேயிலிருந்து பகலில் இன்னும் ஒரு நானூறு மீட்டர் மேலே ஏறிவிட்டு ராத்திரிக்குக் கீழே வந்து படுத்தால்தான் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகும். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், முந்தின ராத்திரி படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த ராத்திரி படுக்கக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்பது உயர மலை மருத்துவர்கள் சொல்கிற பொதுவான கணக்கு. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான், மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று குரூப்பில் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணா, ஏழாவது மலையின் உச்சி சுமார் 6,000 அடிதான், ஊட்டி டவுனே அதைவிட உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர், நாம்சே கடைவீதியோ 3,440 மீட்டரில் இருக்கிறது. ஆக நம்ம ஊரில் எந்த மலையை எத்தனை தடவை ஏறினாலும் கால் உரமாகும், முழங்கால் இறக்கத்துக்குப் பழகும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மேலே உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் அது சொல்லாது. சொல்லப்போனால் காலில் தெம்பு இருக்கிறவர்கள்தான் விறுவிறுவென்று ஏறிப்போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

காட்மாண்டுவிலிருந்து லுக்லா போவதற்கும் ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருக்கிறீர்கள். அக்டோபர் நெரிசலில் அந்த விமானங்கள் பெரும்பாலும் ராமேச்சாப்பிலிருந்துதான் கிளம்பும், அதற்கே நடுராத்திரியில் காட்மாண்டுவை விட்டு வண்டியில் நாலைந்து மணி நேரம் போக வேண்டும். மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் பறக்காது. அங்கே ஒரு நாள் போனால், அதை மலையில் ஈடுகட்டிவிடலாம் என்கிற எண்ணம் தலைவர்களுக்கு வரத்தான் செய்யும். கையிருப்பாக இரண்டு நாள் வைத்துவிட்டால் அந்த நெருக்கடியே வராது. லீவு கிடைக்காதவர்கள் வேறு வருசம் வரட்டும்.

கைடு எத்தனை பேர் என்று பார்த்தேன், இருபது பேருக்கு ஒருவர் என்று இருக்கிறது. ஒருவருக்கு முடியாமல் போய் கைடு அவரோடு இறங்கினால் மற்ற பத்தொன்பது பேரை யார் கூட்டிப் போவது? முடியாதவரைத் தனியாகக் கீழே அனுப்பவே கூடாது. ஐந்து பேருக்கு ஒருவராவது உதவிக் கைடு வேண்டும், திரும்பு என்று அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, நம் குழுத் தலைவர் உட்பட. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் கூட்டத்தில் ஈரோடு, திருப்பூர்க்காரர்களும் இருந்தார்கள், 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கூட்டிப் போகிறவரின் பொறுப்பு என்ன என்பதை அதற்கப்புறமும் நம்ம ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போர்ட்டர்கள் பற்றி நோட்டீசில் ஒரு வார்த்தை இல்லை. ஒருவருக்கு 30 கிலோ என்பதுதான் அங்கே சொல்லப்படுகிற அளவு, நடைமுறையில் இரண்டு பேர் பையை ஒருவர் தூக்குவார், அதனால் நம்மில் ஒருவர் பை 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அவர்களில் பலர் தாழ்வான ஊர்களிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்கள், நமக்கு வருகிற அதே தலைவலி அவர்களுக்கும் வரும். அவர்களுக்குக் குளிர் உடுப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறதா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆளைத் தூக்கிச் சுமக்கிற ஜனங்களுக்காக நடக்கிறோம் என்று சொல்லிவிட்டு இன்னொருவர் முதுகில் 45 கிலோ ஏற்றுவது நன்றாகவா இருக்கும்?

டி-ஷர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். புரவலர் பெயர் போட்டு 180 ஜிஎஸ்எம் கனத்துக் காட்டனில் ஆளுக்கு மூன்று அடிப்பதாகக் கேள்விப்பட்டேன். திருப்பூர்க்காரர்களுக்குத் துணி பற்றி நான் சொல்ல வேண்டுமா? காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஏறி நின்றதும் காற்றடித்தால் நடுங்கிப் போவோம். விளையாட்டு உடுப்புக்கு ஓட்டுகிற பாலியெஸ்டரில் அடியுங்கள், அதற்கும் நம்ம ஊரில் யூனிட் இருக்கிறது. காட்டனில் அடித்ததை வழியனுப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளெக்ஸும் அந்த விழாவோடு நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். திருத்திய பயணத் திட்டத்தையும், இரண்டு வங்கிக் கணக்கு விவரத்தையும், இன்சூரன்ஸ் பாலிசியின் முழு நகலையும் கொண்டுவாருங்கள். முகப்புப் பக்கம் மட்டும் போதாது, ஏனென்றால் எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் செல்லும், ஹெலிகாப்டருக்குப் பணம் தருவார்களா என்பதெல்லாம் உள்ளே பொடி எழுத்தில்தான் இருக்கும். உயர மலை நோய் வராமலிருக்கப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் பங்கு போடுவதாகவும் பேச்சு அடிபடுகிறது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி உள்ளவர்கள் நம் இருபது பேரில் இருக்கலாம், ஒரு டாக்டரையும் அன்றைக்குக் கூப்பிட்டு வையுங்கள். முன்பணத்துக்குச் செக் புத்தகத்தோடு வருகிறேன்.