ஒருநாள் முகாம் பத்தாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

சிறுதொழில் பண்றவங்களுக்கு ஒருநாள் பயிற்சி முகாம்னு உங்க பேப்பர்ல சேலம் பக்கத்துல அடிக்கடி நியூஸ் வருது, குத்துவிளக்கு ஏத்துற போட்டோவோட. நல்ல விஷயம்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா முகாமுக்குப் போய்ட்டு வந்தவங்க அடுத்த மாசம் எப்படி இருக்காங்கன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா? நான் பாக்கறேன். சேலத்துல எங்க குகை ஏரியாவுல வீட்டுல இருந்தே சின்ன கடை, கொலுசு பட்டறை, தறி வச்சிருக்கறவங்களுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்ணித் தர்றதுதான் என் பொழப்பு. மாசம் 11ம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ம் தேதி இன்னொன்னு, அந்த நாள் நெருங்கினா இவங்க ஆளே மாறிடுவாங்க, பில்லு பாதி வாட்சப்புல பாதி சட்டப் பாக்கெட்டுல இருக்கும், கேட்டா எரிஞ்சு விழுவாங்க.

விஷயம் தெரியாம இல்லீங்க. வருஷத்துக்கு 5 கோடிக்குள்ள வியாபாரம்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா ரிட்டர்ன் போட்டா போதும்னு 2021 ஜனவரியில இருந்தே வசதி இருக்கு, நடுவுல ரெண்டு மாசம் வரிய மட்டும் அடுத்த மாசம் 25க்குள்ள கட்டிடணும், சரக்கு வாங்குறவங்களுக்கு கட்டின வரியக் கழிச்சுக்கற கிரெடிட் போகணும்னா பில்ல மட்டும் ஏத்திவிடலாம். இத நானும் சொல்லியிருக்கேன், முகாம்லயும் சொல்லியிருக்காங்க. "அப்புறம் பாத்துக்கலாம்க்கா"ம்பாங்க. அந்த அப்புறம் வரவே வராது, ஏன்னா சரக்கு வாங்கறதும் அவரேதான், ஆளுக்கு கூலி குடுக்கறதும் அவரேதான், கரண்ட் போனா ஆபீஸுக்கு போன் பண்றதும் அவரேதான், நிதானமா உக்காந்து யோசிக்க எங்க நேரம்?

சிவதாபுரம் பக்கம் கொலுசு பட்டறை வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் என்கிட்ட கணக்கு குடுக்கறாரு. வெள்ளி கிலோ லட்சத்தத் தாண்டினப்புறம் அவருக்கு தூக்கமே போச்சு, ஆர்டர் எடுக்கற அன்னிக்கி ஒரு ரேட்டு, வெள்ளி வாங்கற அன்னிக்கி ஒரு ரேட்டு, வித்தியாசம் இவரு தலையில. அவரோட சொந்தக்காரர் ஒருத்தர் பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் உக்காருவாரு. அறிவுரை எல்லாம் பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. யாரு எவ்ளோ பாக்கி, போன வாரம் செய்றேன்னு சொன்னத செஞ்சியா, இந்த வாரம் நீ செஞ்ச வேலையில வேற ஆள் செஞ்சிருக்கக் கூடியது எது, இதே மூணு கேள்விதான் திரும்பத் திரும்ப. மொத ஒரு மாசம் அண்ணனுக்கு பதிலே இல்ல, இவரு வர்றாருன்னாலே வண்டிய எடுத்துட்டு செவ்வாப்பேட்டைக்கு கெளம்பிடுவாரு (அண்ணி என்கிட்ட சொல்லிச் சிரிச்சது). மனுசன் விடாம வந்தாரு.

பாக்கி விஷயத்துலதான் எனக்கு இதோட அருமை புரிஞ்சது. குறு, சிறு தொழில்காரங்க பொருள் குடுத்தா எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லேன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006 சிறுதொழில் சட்டத்துலயே இருக்கு, லேட் ஆனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி. 2024 ஏப்ரல்ல இருந்து இன்கம் டாக்ஸ்லயும் புடி வச்சுட்டாங்க, கெடு தாண்டினா சரக்கு வாங்கினவங்க பணத்த எந்த வருஷம் குடுக்கறாங்களோ அந்த வருஷம்தான் செலவா காட்ட முடியும். அண்ணனுக்கு இது மனப்பாடமாவே தெரியும். ஆனா பெரிய கடைக்காரர்கிட்ட எப்படிக் கேக்கறது, அடுத்த ஆர்டர் போயிடுமேன்னு பயம். பேங்க்காரர் என்ன பண்ணாருன்னா பில்லுல உத்யம் நம்பர (சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர்) அடிக்க வச்சாரு, போன்ல என்ன பேசணும்னு எழுதச் சொல்லி, தானே கடைக்காரர் மாதிரி எதிர்ல உக்காந்து சாக்கு சொல்லி, அண்ணனப் பேசிப் பழக வச்சாரு. மூணு கடையில ரெண்டு கடை இப்ப நாள் தவறாம குடுக்குது. மூணாவது கடைய அண்ணனே விட்டுட்டாரு. ஆர்டர் எடுக்கற அன்னிக்கே அட்வான்ஸ் வாங்கி வெள்ளி ரேட்ட ஃபிக்ஸ் பண்ணிடறதும் இந்த உக்காந்து பேசுனதுல வந்த முடிவுதான்.

நேர்ல வரணும்னுகூட இல்ல. ஏற்காட்டுல காப்பித்தூள், மிளகு விக்கற ஒரு அக்காவுக்கு இதே மாதிரி போன்லயே நடக்குது, செவ்வாக்கிழமை டூரிஸ்ட் கூட்டம் இருக்காது, அன்னிக்கி அரை மணி நேரம். மே மாச சீசன்ல வர்ற பணத்துல மழைக்காலத்து வாடகைய தனியா ஒதுக்கி வைக்கறதுக்கே ஒரு முழு வருஷம் ஆச்சாம். ஆகட்டுமே!

இதையே சாக்கா வச்சு கோச்னு சொல்லிக்கிட்டு ஹோட்டல் ஹால்ல பாட்டுப் போட்டு கை தட்ட வச்சு கோடீஸ்வரனாக்கறேன்னு ஆயிரக்கணக்குல புடுங்கறவங்களும் இருக்காங்க, அவங்கள நான் சொல்லல. உன் பில்லு புக்கத் தொறந்து பாக்காதவர்கிட்ட என்னத்துக்கு பணத்தக் குடுக்கறதுன்னுதான் எங்கிட்ட கேக்கறவங்களுக்கு சொல்றேன்.

மாவட்ட தொழில் மையத்துக்கும் நம்ம ஊரு தொழில் சங்கங்களுக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். லோன் வாங்கறதுக்கு முன்னாடி பயிற்சி குடுக்கறீங்க, ஆனா மூச்சு முட்டறது லோன் வாங்கி ஆறு மாசம் கழிச்சுத்தான். ரிட்டயர் ஆன பேங்க்காரங்க, தொழில பசங்க கையில குடுத்துட்டு சும்மா இருக்கற பெரியவங்க சேலத்துல எவ்வளவோ பேர் இருக்காங்க. ஆளுக்கு அஞ்சு பேர ஒப்படைச்சு ஒரு வருஷம் வாராவாரம் பாக்கச் சொல்லுங்க, போக்குவரத்துக்கும் சேத்து ஒரு தொகை குடுங்க, இனாம்னா ரெண்டாவது மாசமே நின்னுடும். பாதிய தொழில் பண்றவங்களே குடுப்பாங்க, நான் கேட்டுப் பாத்துட்டேன், சரின்னுதான் சொல்றாங்க. ஒரு கண்டிஷன் மட்டும் போடறாங்க, அதே தொழில் பண்ற ஆளா இருக்கக் கூடாதாம், ரேட்டெல்லாம் தெரிஞ்சிடுமாம்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகி,
குகை, சேலம்.