துரோணர் விண்ணப்பம் போட வேண்டுமா?

மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் விருதுத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 ஜனவரியில் கால்பந்துப் பயிற்சியாளர் அர்மாண்டோ கொலாசோ குடியரசுத் தலைவர் கையால், பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தனியாக உட்கார்ந்தே கை தட்டினேன். கோவாவின் டெம்போ அணியை வைத்து ஐந்து முறை தேசியப் பட்டம் அடித்த மனிதர். எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய விருது. ஆனால் தட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. பி.கே. பானர்ஜி பெயர் இன்னும் வரவில்லையே என்ற நினைப்புதான் காரணம். அதற்குப் பிறகு எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு, இன்று எழுதியே விடுகிறேன்.

பிரதீப் குமார் பானர்ஜி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் கேப்டன். பிரான்சுக்கு எதிராக நம்மை முன்னிலைக்குக் கொண்டுபோன கோல் அவருடையது. ஜகார்த்தாவில் 1962 ஆசியப் போட்டித் தங்கம். தென் கொரியாவுடனான இறுதி ஆட்டத்தில் முதல் கோலும் அவர் கால்தான். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டே அவருக்குக் கொடுத்தீர்கள். 1990-இல் பத்மஸ்ரீ. 2004-இல் ஃபிஃபாவே கூப்பிட்டுக் கௌரவித்தது. ஆட்டக்காரராக அவருக்கு யாரும் குறை வைக்கவில்லை. அதைப் பற்றி என் புகாரும் இல்லை.

என் கேள்வி அவருடைய மறுபாதியைப் பற்றி. ஆடி முடித்த பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் அவர் பயிற்சியாளர். அந்த மனிதருக்கு, பயிற்சியாளருக்கென்றே இருக்கிற விருது மட்டும் இல்லை. அர்ஜுனன் என்று ஏற்றுக்கொண்டவர்கள் துரோணர் என்று ஏற்க ஏன் யோசித்தீர்கள்?

1970 பாங்காக் ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியிருந்த ஜப்பானை 1-0 என்று சாய்த்து நாம் வெண்கலம் வாங்கினோம். ஆசியப் போட்டி ஆண்கள் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குப் பதக்கமே இல்லை. அந்த அணிக்கு பாஷாவோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தவர் பி.கே. அணியின் கேப்டன் சையத் நயீமுதீன். இருபது ஆண்டு கழித்து, 1990-இல், கால்பந்தில் முதன்முதலாகத் துரோணாச்சார்யா வாங்கியவரும் அதே நயீமுதீன்தான். அவர் முழுக்கத் தகுதியானவர். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் மாணவன் குரு விருது வாங்குகிறான், குரு பார்வையாளர் வரிசையில் இருக்கிறார். அதே ஆண்டு பத்மஸ்ரீ கொடுத்தோமே என்கிறீர்களா? அது வேறு கணக்கு ஐயா. நயீமுக்கு அடுத்த கால்பந்துப் பெயர் வர 2022 ஆயிற்று. 32 ஆண்டு இந்த நாட்டில் கால்பந்து சொல்லிக்கொடுத்தவரே இல்லை போலிருக்கிறது.

நான் தமிழ்நாட்டுக்காரன். வேலை நிமித்தமாகத் தொண்ணூறுகளில் சில ஆண்டுகள் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன். கீழே வீட்டுக்காரர், பரிசாலிலிருந்து பிரிவினையில் வந்த குடும்பம், ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கிளப்பின் தீவிர ரசிகர். 1997 ஜூலை 13 அன்று என்னையும் இழுத்துக்கொண்டு சால்ட் லேக் மைதானத்துக்குப் போனார். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, எதிரே மோகன் பகான். 1,31,000 பேர் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். எனக்கு அன்று தெரிந்தது முன்வரிசைக்காரரின் பிடரியும், புல் தரையில் ஒரு கைக்குட்டை அளவும்தான்.

மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா. அவருடைய ‘டயமண்ட்’ வியூகம்தான் அந்த மாதம் முழுக்க ஊர்ப் பேச்சு. ஆட்டத்துக்கு முன் எதிரணிக்காரர்களைக் கேலி வேறு செய்திருந்தார். ஒமோலோவை ஆம்லெட் என்றார். ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பதில் பேசவில்லை. பேச வேண்டிய இடம் உடை மாற்றும் அறை என்று அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குத்தான் கொல்கத்தாவில் ‘வோக்கல் டானிக்’ என்று பெயர். ஊசி மருந்து எதுவும் கிடையாது, வாய்வார்த்தை மட்டும். அன்று ஈஸ்ட் பெங்காலுக்கு 4-1 வெற்றி. பைச்சுங் பூட்டியா மூன்று கோல். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் சட்டைத் தையல் விட்டுப்போனது. திரும்பும் வழியில் காசைப் பார்க்காமல் ஹில்சா வாங்கினார். அந்த வீட்டு முற்றத்தில் மீன் செதில் சீவிக்கொண்டே அவர் கேட்டார்: “ஏன் மொஷாய், பிரதீப்தாவுக்கு டெல்லிக்காரர்கள் அந்த குரு விருதை எப்போது கொடுப்பார்கள்?” அப்போது பி.கே.வுக்கு வயது 61. அடுத்த வருஷம் கொடுத்துவிடுவார்கள் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஒரு கிளப்போடு ஒட்டிக்கொண்டு ஜெயித்தவர் என்று ஒதுக்கவும் முடியாது. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பை இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது அவருடைய ஈஸ்ட் பெங்கால். அடுத்த ஆண்டே அந்த மோகன் பகான் அவரைக் கூப்பிட்டுத் தன் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைத்தது. 1977 செப்டம்பரில் ஈடன் கார்டன் சேற்றில், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸை 2-2 என்று நிறுத்தியதும் அவருடைய மோகன் பகான்தான். இத்தனைக்கும் ஆட்டக்காரராக இந்த இரண்டு கிளப்புக்கும் அவர் ஆடியதே இல்லை. ஈஸ்டர்ன் ரயில்வேயில் வேலை, ரயில்வே சட்டையில் ஆட்டம். 1958-இல் கல்கத்தா லீக்கையே அந்த ரயில்வே அணி தூக்கியது. பின்னாளில் ஜாம்ஷெட்பூரில் டாடா அகாடமியின் பொறுப்பேற்று அடுத்த தலைமுறைப் பையன்களை வளர்த்தார். இதற்கு மேல் துரோணர் என்னதான் செய்ய வேண்டும்? கட்டைவிரல் கேட்கவில்லை என்பதுதான் குறையா?

மன்னிக்கவும். மரியாதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முன்பு கால்பந்துச் சம்மேளனம் சிபாரிசு செய்யவில்லை என்பார்கள். இப்போது சிபாரிசு தேவையில்லை, தகுதியுள்ளவர் இணையதளத்தில் தானே விண்ணப்பிக்கலாம் என்று மாற்றியிருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு, உயிரோடு இருப்பவர்களுக்கு. பி.கே. 2020 மார்ச் 20 அன்று போய்விட்டார், ஊரடங்குக்கு நாலைந்து நாள் முன்பு. விருது தொடங்கியது 1985. ஆக 35 ஆண்டு அவர் கண்ணெதிரே இருந்தார். அப்போது கேட்க ஆளில்லை, இப்போது கேட்க அவரில்லை. அவர் பிறந்த ஜூன் 23-ஐ அடித்தட்டுக் கால்பந்து நாளாகச் சம்மேளனம் அறிவித்திருக்கிறது. ஒரு நாளையே எழுதிவைக்க முடிகிறது, பட்டியலில் ஒரு வரி சேர்க்க முடியவில்லை.

பொதுவாகவே நம் ஆள் சொல்லிக்கொடுத்தால் நமக்கு இளப்பம். 2012-இல் சாவியோ மெதேரா விலகிய பிறகு, தேசிய அணிக்கு இன்னொரு இந்தியரை முழுநேரப் பயிற்சியாளராக்க 2025 வரை, காலித் ஜமில் வரை, காத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கதையும் இதுதான். ரோமில் பி.கே. தலைமையில் போன அணியில் இருந்தவர் சைமன் சுந்தரராஜ். 1973-இல் கேரளா முதன்முதலாக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவர். கேரளத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பழைய ஆட்கள் எழுந்து நிற்பார்கள். இங்கே, கிரிக்கெட்டில் எந்த சைமன் என்று கேட்கிறார்கள். அமல் தத்தாவும் இந்த விருது வாங்காமலேயே 2016-இல் போனார். சரி, அதையெல்லாம் இந்த மடலில் கொட்டினால் என் கோரிக்கை தொலைந்துபோகும்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த பட்டியலில், வாழ்நாள் பிரிவில், பிரதீப் குமார் பானர்ஜிக்குத் துரோணாச்சார்யா விருதை மறைவுக்குப் பிந்தைய கௌரவமாக அறிவியுங்கள். விதி இடம் கொடுக்காது என்றால் விதியைத் திருத்துங்கள். விண்ணப்ப முறையைத் திருத்தியவர்கள்தானே நீங்கள். பணமுடிப்பு வேண்டாம், விழா வேண்டாம். பெயர் வந்தால் போதும். தயவுசெய்து பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்காரரும் இப்போது இல்லை. அவர் மகனின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அறிவிப்பு வந்தால் சொல்லுங்கள், அவருக்கு நானே போன் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடியில் குடியிருந்த மதராஸி