மறந்த படங்களுக்கு ஒரு பத்தியும் ஒரு குறும்பாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரைப் பக்கம் பழைய படங்களை நினைவுகூரும்போதெல்லாம் வெள்ளிவிழா கண்ட குடும்பக் கதைகளே இடம்பெறுகின்றன. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 1963-இல் வெளிவந்த ‘கலை அரசி’யைப் பற்றியோ, ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகிய கௌபாய் படங்களைப் பற்றியோ ஒரு பத்தி விமர்சனத்தைக்கூட அதில் நான் கண்டதில்லை.

இப்படங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களை நான் குறைகூறவில்லை; சிரித்த பிறகு கூர்ந்தும் பார்க்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள். ‘கலை அரசி’யின் வேற்றுக் கோளினர் விஞ்ஞானத்தில் முன்னேறியவர்கள், இசையும் நடனமும் அறியாதவர்கள், அவற்றைக் கற்றுக்கொள்வதற்காகவே நாயகி பானுமதியைக் கடத்திச் செல்கிறார்கள். பொன்னையோ மண்ணையோ நாடாமல் ஒரு பாடகியைத் தேடிப் பூமிக்கு வருபவர்களை, பாட்டில்லாமல் படமில்லை என்றிருந்த தமிழ்த் திரையுலகம்தான் கற்பனை செய்திருக்க முடியும். கர்ணனின் படங்களையோ டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து பார்த்தவன் நான். குதிரைகள் எங்கள் தலைக்கு மேலேயே தாண்டிப் போவதாகத் தோன்றிய அந்த இரவுகள் இன்னும் மறக்கவில்லை. சிம்புதேவன் 2010-இல் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்து இவ்வகைப் படங்களுக்குத் திரையிலேயே மரியாதை செய்துவிட்டார். எழுத்தில்தான் அது நடக்கவில்லை.

விமர்சனத்தோடு, லிமெரிக் போன்ற நகைச்சுவைக் குறுங்கவிதையான குறும்பா ஒன்றும் வேண்டும் என்பேன். ஈழத்துக் கவிஞர் மகாகவி 1966-இல் நூலாகவே தந்த இந்த ஐந்தடி வடிவத்துக்குள் கதையும் கேலியும் கனிவும் ஒருங்கே அடங்க வேண்டியிருப்பதால், படத்தை முழுதாகப் பார்த்து ரசிக்காத எவராலும் அதை எழுதிவிட முடியாது. ‘கலை அரசி’க்கு என் முயற்சி இது (வாத்தியார் என்பது அதன் நாயகர் எம்.ஜி.ஆர்.):

பாட்டறியாக் கோளைவிட்டு வந்தார்,
பானுமதி பாட்டில்மனம் தந்தார்;
கூட்டிக்கொண்டு வான்பறந்தார்,
கோட்டைவிட்டார், பின்தொடர்ந்து
வேட்டையாடும் வாத்தியாரால் நொந்தார்!

எதுகையில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் தங்கள் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். மாதம் ஒரு படத்தை அறிவித்து, நேர்மையான விமர்சனம் ஒன்றையும் அதனருகே வாசகர் குறும்பா ஒன்றையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். முதல் மாதத்துக்கு ‘ஜக்கம்மா’வை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
சேலம்.